பிள்ளைகளுக்கு நல்ல கிறிஸ்தவப் புத்தகம் எடுப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பதால் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பிள்ளைக்கு நல்ல கிறிஸ்தவப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க டீச்சர்." கேட்பவர்களில் பலர் புதிதாகத் தொடங்குகிறவர்கள். சிலருக்கு இது முதல் பிள்ளை. சிலர் அண்மையில்தான் சபைக்கு வரத் தொடங்கியவர்கள். வேதாகமக் கதை சொல்லும் பாட்டியோ தாத்தாவோ அவர்கள் வீட்டில் இல்லை. இன்னும் சிலர், இந்த வருடம்தான் வகுப்பெடுக்கச் சம்மதித்த இளைஞர்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் ஓசூரில் ஆங்கில வழியில் படிக்கும் எட்டு வயதுப் பெண்ணுக்கும், பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கும் எட்டு வயதுப் பையனுக்கும் ஒரே புத்தகம் பொருந்தாது. அதனால் தேர்ந்தெடுக்கும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் நெடுநாள் உதவும். கடவுள் எப்படிப்பட்டவர் என்று பிள்ளையின் மனதில் பதியும் முதல் எண்ணம், பெரும்பாலும் நாம் மடியில் வைத்துப் படித்துக் காட்டும் கதையிலிருந்து வருகிறது. அந்த எண்ணம் உண்மையானதாக இருக்க வேண்டும். படம் அழகா, தாள் கெட்டியா, விலை குறைவா என்பதெல்லாம் அப்புறம்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் பிள்ளையைக் கவனியுங்கள்

அட்டையில் "6–8 வயது" என்று போட்டிருப்பது பதிப்பகத்தின் கணிப்பு மட்டுமே. உங்கள் பிள்ளை எவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்காருவாள், எதைப் பார்த்தால் பயப்படுவாள், எந்த மொழியில் தடையில்லாமல் படிப்பாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

படிக்கும் திறனைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் அவள் தானாகப் படிக்க இன்னும் கடினம் என்று பொருள். அதற்காக வாங்காமல் விட வேண்டாம். நீங்கள் படித்துக் காட்டும் புத்தகமாக அது இருக்கட்டும். காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், கண்ணால் படிக்கும் திறனைவிடச் சின்ன வயதில் பொதுவாக முன்னால் இருக்கும்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் மொழியைத் தனியாக யோசிக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைகள் நிறைய. அந்தக் குடும்பங்களுக்கு நான் சொல்வது: இரவில் எந்த மொழியில் ஜெபம் செய்கிறீர்களோ, அந்த மொழியிலேயே முதல் கதைப் புத்தகம் இருக்கட்டும். ஆங்கில வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, தானாகப் படிக்க ஆங்கிலத்தில் ஒன்று வாங்கினால், நீங்கள் படித்துக் காட்டத் தமிழில் ஒன்று வாங்குங்கள். எல்லாமே ஆங்கிலத்தில் போனால், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாசிக்கும் வேதபாடம் அந்தப் பிள்ளைக்குப் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் ஏதோ ஒன்றாகவே இருந்துவிடும்.

இன்னொன்று. வீட்டில் அண்மையில் சாவு, பெரிய நோய், பெற்றோர் பிரிவு என்று ஏதாவது நடந்திருந்தால் அதை மனதில் வைத்துத் தேடுங்கள். அப்பாவை இழந்த பிள்ளையின் கையில், "ஜெபித்தான், அப்பா பிழைத்துவிட்டார்" என்று முடியும் கதையைக் கொடுப்பது கொடுமை. "நான் சரியா ஜெபிக்கலையோ" என்று அவன் யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள் வைத்துக்கொள்வான்.

இரண்டாம் படி: அட்டைக்கு அடுத்த பக்கத்தைப் படியுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் பக்கம் இது. பதிப்பகத்தின் பெயர், முகவரி, ஆண்டு, எழுதியவர், மொழிபெயர்த்தவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். எதுவுமே இல்லாத புத்தகத்தை உடனே தள்ள வேண்டியதில்லை. ஆனால் யார் பொறுப்பு என்று தெரியாத புத்தகத்தை முதலில் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ காட்டிவிட்டுக் கொடுங்கள். வீட்டு வாசலில் இலவசமாகத் தந்துவிட்டுப் போகும் பளபளப்பான புத்தகங்களுக்கும் இதே விதி. இயேசு யார் என்பதிலேயே உங்கள் சபை நம்புவதற்கு மாறாகச் சொல்லும் புத்தகங்களும் அவற்றில் இருக்கும். படம் அழகாக இருப்பதால் நாம் கவனிக்க மாட்டோம்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் மறைக்கல்விப் புத்தகங்களில் ஆயரின் அச்சிடும் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம், நல்ல வழக்கம். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தில்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் வருகின்றன. ஆகவே எந்த வகுப்புக்கு எந்த மறைக்கல்வி நூல் என்பதைப் பங்கிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வேதாகமம் வாங்கும்போதும் உங்கள் சபையில் வாசிப்பது எது என்று பார்த்து வாங்குங்கள். சீர்திருத்தச் சபைகளின் பரிசுத்த வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 73. திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. அதன் நடை இன்றைய பாடப்புத்தகத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் நடை 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது. மனப்பாட வசனங்களுக்கு அதன் ஓசை அழகானது, ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். மனப்பாடத்துக்குச் சபையின் வேதாகமம், தானாகப் படிக்க எளிய நடையில் வந்த மொழிபெயர்ப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மூன்றாம் படி: நீங்கள் முழுவதும் படியுங்கள்

பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். படித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். கடையில் நின்றுகொண்டு முழுவதும் படிக்க முடியாது என்றால், சில இடங்களையாவது பிரித்துப் பாருங்கள்.

இயேசுவின் பிறப்பு, யோனா, ஏதேன், நோவா ஆகிய நான்கு கதைகளும் எழுதியவர் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினாரா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மத்தேயு 2ஆம் அதிகாரம் ஞானிகள் மூன்று பேர் என்று சொல்லவில்லை. அவர்கள் பிள்ளையைக் கண்டது வீட்டில். யோனாவை விழுங்கியது "ஒரு பெரிய மீன்". ஏதேனில் இருந்த பழம் ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் எங்கும் இல்லை. நோவாவின் பேழைக்குள் எல்லா மிருகமும் இரண்டிரண்டு போனதாகத்தான் படப் புத்தகங்கள் காட்டும். சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி என்று ஆதியாகமம் 7:2 சொல்கிறது. இப்படி ஒரு தவறு இருந்தால் புத்தகமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. மூன்று ஞானிகள் படம் இல்லாத கிறிஸ்மஸ் புத்தகம் கிடைப்பதே அபூர்வம். ஆனால் கதைக்குக் கதை சொந்தச் சரக்கு கலந்திருந்தால், பிள்ளை பெரியவனாகி வேதாகமத்தைத் தானே படிக்கும்போது எது உண்மை, எது எழுதியவர் சேர்த்தது என்று குழம்புவான். கற்பனை உரையாடல் சேர்ப்பது வேறு விஷயம். அதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

அடுத்து, தண்டனை வரும் ஒரு கதையைப் படியுங்கள். கடவுள் எப்போதும் கோபமாக, தப்புச் செய்யும் பிள்ளையைப் பிடிக்கக் காத்திருப்பவராக வருகிறாரா? "பொய் சொன்னாய், அதனால் காய்ச்சல் வந்தது" என்கிற மாதிரிக் கதைகள் இன்றும் விற்கின்றன. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). அவரே மறுத்ததை அவர் பெயரால் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. நரகத்தின் அக்கினியையும் கடைசிக் கால அழிவையும் படம் படமாகக் காட்டும் புத்தகங்களைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பயத்தில் ஜெபிக்கத் தொடங்கும் பிள்ளை, பயம் போனதும் ஜெபத்தையும் விட்டுவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "ஜெபித்தான், முதல் மார்க் வாங்கினான், காணிக்கை போட்டான், சைக்கிள் கிடைத்தது." பத்தாம் வகுப்புத் தேர்வு வரும்போது பிள்ளைகள் எவ்வளவு பதறுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். நன்றாகப் படித்து, உண்மையாக ஜெபித்து, மார்க் குறைந்த பிள்ளைக்கு அந்தக் கதை என்ன பதில் சொல்லும்? பவுலும் தன் வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12). கேட்டது கிடைக்காதபோதும் கடவுள் கூடவே இருக்கிறார் என்று சொல்லும் ஒரு கதையாவது புத்தகத்தில் இருக்க வேண்டும்.

பிற மதத்தவரைப் பற்றி வரும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். நம் பிள்ளைகளின் வகுப்பில் பக்கத்தில் உட்காருவது இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும்தான். பொங்கலுக்குப் பொங்கல் வருகிறது, ரம்ஜானுக்குக் கஞ்சி வருகிறது, கிறிஸ்மஸுக்கு நாம் கேக் கொடுக்கிறோம். அந்த வீட்டாரின் வழிபாட்டைக் கேலி செய்யும், அவர்களைக் கெட்டவர்களாக வரையும் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. நல்ல அயலானுக்கு எடுத்துக்காட்டாக இயேசு காட்டியது யூதர்கள் ஒதுக்கிவைத்திருந்த ஒரு சமாரியனை. புதிதாக விசுவாசத்துக்கு வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தப் பிள்ளையின் பாட்டியும் தாத்தாவும் இன்னும் கோயிலுக்குப் போகிறவர்களாக இருக்கலாம். அவர்கள் மேல் பிள்ளைக்கு இருக்கும் அன்பைக் குறைக்கும் எதுவும் நல்ல புத்தகம் ஆகாது.

நிறம். நிறங்களை வைத்துச் சுவிசேஷம் சொல்லும் சிறு புத்தகங்கள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளில் ரொம்பப் பிரபலம். அவற்றில் கறுப்புப் பக்கம் பாவம், வெள்ளைப் பக்கம் கழுவப்பட்ட இதயம். வகுப்பில் கறுப்பான பிள்ளைகள் நிறைந்திருக்கும் ஊரில், "கருப்பி" என்று பள்ளியில் ஏற்கெனவே கேலி கேட்ட சிறுமிக்கு அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். ஏசாயா 1:18 பாவத்தைச் சிவப்புக்கு ஒப்பிடுகிறது. வேறு பல இடங்களில் வேதாகமம் இருள், வெளிச்சம் என்று பேசுகிறது. விளக்கை அணைத்து, ஏற்றிக் காட்டினாலே பாடம் புரிந்துவிடும். அப்படியே படங்களையும் பாருங்கள். இயேசு மேற்கு ஆசியாவில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ள இயேசுவை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளை, அவரை ஓர் ஐரோப்பியர் என்றே நினைத்துக்கொள்ளும். ஆட்டு மந்தை, கிணற்றடி, அத்தி மரம், கதிர் அடிக்கும் களம், எண்ணெய் விளக்கு என்று அந்த ஊரை உள்ளபடி வரைந்த புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். அரூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு ஆடு மேய்ப்பதும் விதைப்பதும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயங்கள் இல்லை. இயேசுவின் உவமைகள் அவர்கள் வீட்டு வாசலிலேயே நடக்கின்றன.

கடைசியாகச் சிலுவைக் கதை. ரத்தத்தை எவ்வளவு காட்டியிருக்கிறார்கள் என்பதோடு, உயிர்த்தெழுதல் வரை போகிறதா என்றும் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் பெரிய வெள்ளியோடு கதையை நிறுத்திவிட்டுத் தூங்க வைக்கக் கூடாது.

நான்காம் படி: வயதுக்கு ஏற்ப

மூன்று வயது வரை அதிகம் யோசிக்க வேண்டாம். கெட்டி அட்டைப் பக்கங்கள், வளைந்த முனைகள், பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. வாயில் வைப்பார்கள், எறிவார்கள். படைப்பு, ஆற்றங்கரை நாணலில் குழந்தை மோசே, பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசு ஆகிய கதைகள் போதும்.

நான்கு முதல் ஆறு வயதுதான் மிகவும் வளமான காலம். ஒரு நல்ல கதை வேதாகமம், அதாவது வேதாகமக் கதைகளைப் படங்களோடு பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகம், வாங்க இதுவே நேரம். ஒரு கதை ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற மாதிரி எழுதியிருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை உங்களோடு சேர்ந்து சொல்லும். காணாமற்போன ஆடு, மரத்தில் ஏறிய சகேயு, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன் ஆகிய கதைகள் இந்த வயதில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும். அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சலிக்காமல் படியுங்கள், புதுக் கதைக்கு இழுக்காதீர்கள். தாவீது கோலியாத் கதையில் கூழாங்கல்லோடு நிறுத்திக்கொள்ளும் புத்தகமே இந்த வயதுக்குப் போதும். தலையை வெட்டிய பகுதி பிறகு வரட்டும். நோவா கதையில் "மத்த ஜனங்கள் எல்லாம் என்ன ஆனாங்க?" என்று நிச்சயம் ஒரு நாள் கேள்வி வரும். அதற்கு நீங்கள் தயாராக இருங்கள். மழுப்பாமல், சின்னதாக, உண்மையைச் சொல்லுங்கள்: "செத்துப்போனாங்க. ஜனங்க அவ்வளவு கெட்டுப்போனது கடவுளுக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு." ஆதியாகமம் 6:6இல் அந்த வருத்தம் எழுதியிருக்கிறது.

ஏழு முதல் ஒன்பது வயதில் பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்குகிறது. எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு அச்சிட்டிருக்க வேண்டும். நெருக்கி அச்சடித்த தமிழ் எழுத்தில் மெய்யின் புள்ளியும் கொம்பும் குழம்பி, ஆர்வமான பிள்ளைகூடச் சோர்ந்துவிடும். யோசேப்பு, ரூத், தானியேல், எஸ்தர் என்று நீளமான கதைகளைச் சின்ன அத்தியாயங்களாகச் சொல்லும் புத்தகங்கள் இந்த வயதுக்கு. ஒவ்வொரு கதையின் கடைசியிலும் "ஆகையால் பிள்ளைகளே, நீங்களும்..." என்று நீதி சொல்லும் புத்தகங்களை நான் தவிர்ப்பேன். யோசேப்பின் அண்ணன்கள் அவனை விற்ற இடத்தில் பிள்ளை தானாகவே கோபப்படட்டும், கடைசியில் அவன் அவர்களை மன்னித்தபோது தானாகவே அழட்டும். கதை அந்த வேலையைச் செய்யும். கத்தோலிக்கப் பிள்ளைகள் புதுநன்மைக்கு (முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு) தயாராவதும் ஏறத்தாழ இந்த வயதில்தான். திருப்பலியை எளிதாக விளக்கும் படங்களோடு கூடிய சிறு ஜெபப் புத்தகம் அப்போது நல்ல பரிசு.

பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குச் சொந்தமாக ஒரு முழு வேதாகமம் வாங்கிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை நீங்களே எழுதுங்கள். ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் படிக்கச் சொன்னால் லேவியராகமத்தில் நின்றுபோகும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கச் சொல்லுங்கள். அதில் 16 அதிகாரங்கள்தான், வேகமாக நகரும். நீதிமொழிகள் 31 அதிகாரம், மாதத்தின் தேதிக்கு ஒன்று. வரைபடங்கள் உள்ள பதிப்பாக இருந்தால் பையன்கள் விரலை வைத்துப் பவுலின் பயணங்களைத் தொடர்வார்கள்.

வாழ்க்கை வரலாறுகளுக்கும் இதுதான் வயது, அதுவும் நம் மண்ணோடு சேர்ந்தவை. நம் ஊர்க் குடும்பங்களில் சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி. போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்காக அவரைக் கூப்பிட வந்தார்கள். மருத்துவரான அவர் அப்பா வரலாமே என்றதற்கு, ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்றார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவர் இல்லை. விடியும்போது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அரிச்சுவடியோடு போராடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை உண்டா? 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்று விசுவாசத்துக்காக 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர். அவர் பட்ட சித்திரவதைகளை விவரிக்கும் புத்தகங்கள் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் பொருந்தும், அதை முன்னதாகப் படித்துப் பாருங்கள்.

வாழ்க்கை வரலாற்றில் இன்னொன்றையும் சோதியுங்கள். பழைய மிஷனரி வரலாறுகள் சிலவற்றில் நம் மக்கள் அறிவில்லாதவர்களாகவும் அழுக்கானவர்களாகவும் வருவார்கள், வெளிநாட்டவர் வந்துதான் எல்லாம் விடிந்தது என்று கதை போகும். கூட வேலை செய்த உள்ளூர் உபதேசியார்கள், வீடு வீடாகப் போய் வேதாகமம் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்கள், மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் ஆகியோருக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரே இல்லையென்றால் வேறு புத்தகம் பாருங்கள்.

பதின்மூன்றுக்கு மேல், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போய் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று என்று எடுத்து, இரண்டையும் இருவரும் படிப்பதென்று பேசிக்கொள்ளுங்கள். இந்த வயதில் அவர்கள் மனதில் இருப்பவை வேறு கேள்விகள்: அறிவியல் பாடத்தில் சொல்வதும் ஆதியாகமமும் எப்படிப் பொருந்தும், நல்லவர்களுக்கு ஏன் கஷ்டம், சபையில் சமத்துவம் பேசுகிறவர்கள் கல்யாணத்தில் ஏன் சாதி பார்க்கிறார்கள், காதல் தப்பா. இவற்றைக் கேட்கவே கூடாது என்கிற புத்தகமும், இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற புத்தகமும் வேண்டாம். வேதாகமமே கேள்வி கேட்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. யோபுவையும் பிரசங்கியையும் அவர்களோடு சேர்ந்து படிக்க இதுவே பொருத்தமான வயது. உடல் மாற்றம், காதல், திருமணம் பற்றிய புத்தகங்களை நீங்கள் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நடந்துபோன தப்புக்கு எல்லாப் பழியையும் பெண் பிள்ளையின் உடையில் போடும் புத்தகங்கள் உண்டு. அவற்றை வீட்டுக்குள் விட வேண்டாம்.

எங்கே வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வேதாகமம் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். 1858இல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் சென்னையில் இருக்கிறது. சேலத்துக்கோ வேலூருக்கோ வேறு வேலையாகப் போகிறவர்களிடம் சொல்லி வைத்தால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் பார்த்து வருவார்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களுக்குப் பிள்ளைகளையே கூட்டிப் போங்கள். கன்வென்ஷன் கூட்டங்களிலும் ஆலயத் திருவிழாக்களிலும் போடும் புத்தகக் கடைகளில் கூட்டம் தொடங்கும் முன் போனால் நிதானமாகப் பிரித்துப் படிக்கலாம். கூட்டம் முடிந்தபின் நெரிசலில் அட்டையை மட்டும்தான் பார்க்க முடியும். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் உள்பக்கப் படங்களைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அட்டைப் படம் மட்டும் போட்டிருந்தால் எழுத்தின் அளவு உங்களுக்குத் தெரியாது.

"கிறிஸ்தவப் புத்தகம்" என்று முத்திரை இல்லாத நல்ல புத்தகங்களையும் ஒதுக்காதீர்கள். மாவட்ட மைய நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள். பறவை, மரம், விண்மீன் பற்றிய புத்தகம் படைப்பைப் பற்றிய புத்தகம்தான். உண்மை பேசுவதும் எளியவருக்கு இரங்குவதும் எந்தக் கதையில் வந்தாலும் நல்லதே. வேதாகமக் கதை மட்டுமே படித்து வளரும் பிள்ளைக்குப் படிப்பதே ஞாயிறு பள்ளி வேலையாகத் தோன்றிவிடும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் ஒரு கதை வேதாகமம். அடுத்து, பிள்ளை படிக்கப் பழகியதும் முழு வேதாகமம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு வாழ்க்கை வரலாறு. பிறந்த நாளுக்கு உறவினர்கள் என்ன வாங்கட்டும் என்று கேட்டால் கூச்சப்படாமல் புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. ஆண்டு விழாப் பரிசுக்காக ஒரே புத்தகத்தை மொத்தமாக வாங்கி, நான்கு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்தப் பரிசுகள் பீரோ மேல்தான் போய்ச் சேரும். மொத்த விலையில் கிடைக்கும் தள்ளுபடி முக்கியம்தான். பிரிவுக்கு ஒரு தலைப்பு என்று மூன்று நான்கு தலைப்புகளில் வாங்கினாலும் பெரும்பாலான கடைகளில் தள்ளுபடி கேட்டுப் பெறலாம்.

வாங்கிய பிறகு

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், டிவியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். அம்மா மட்டும் படிக்க வேண்டும் என்று இல்லை. அப்பா படித்துக் காட்டும் வீடுகளில் பையன்கள் புத்தகத்தை விடுவதில்லை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் சின்னவளுக்கு ஏற்ற கதையைப் படித்து, பெரியவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கெட்ட குமாரன் கதை என்றால் இப்படி: "அந்த மூத்த மகன் விருந்துக்குள்ள போனானா, இல்லையா? லூக்கா 15ல என்ன இருக்கு, பார்த்துச் சொல்லு." அங்கே பதில் இருக்காது, அதைக் கண்டுபிடிப்பதே அவனுக்குச் சுவாரசியம். படித்ததைத் தேர்வு மாதிரி கேட்காதீர்கள். மூன்று நாள் படித்தும் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாமல் மூடி வையுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

வளர்ந்த பிள்ளைகளின் புத்தகங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் சபையில் ஒரு அலமாரிக்குக் கேளுங்கள். பூட்டு வேண்டாம். வயதுப் பிரிவுக்கு ஒரு நிறம் என்று முதுகில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு நோட்டில் பிள்ளையின் பெயர், புத்தகத்தின் பெயர், எடுத்த தேதி, திருப்பிய தேதி. பெரிய பிள்ளைகளில் ஒருவரை அதற்குப் பொறுப்பாளராக வையுங்கள். அலமாரிக்கு வரும் எந்தப் புத்தகத்தையும் இரண்டு பெரியவர்கள் முழுவதும் படித்து, உள்ளட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே விடுங்கள். வி.பி.எஸ். நடக்கும் நாட்களில் அலமாரியை வகுப்பு நடக்கும் இடத்துக்கே நகர்த்தி வையுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போய், ஜூனில் பள்ளி திறக்கும்போது திருப்பித் தரலாம்.